மென்பொருளும் நம்பகமும்

ஓர் அரசு தன் மக்கள் படிக்கலாகாது என்று சில இணையத்தளங்களை அடைத்துவிடுமாயின், அயல்நாட்டில் இருப்பவர் தம் கணினியை அம்மக்களுக்கு இடைவழியாகத் திறந்துவிட இயலும். தடைக்குள் இருப்பவர் அக்கணினியை நாடுவார். அது அவர் பொருட்டு வெளியுலகை நாடும். இதனைப் 'பதிலி' என்பர். 2022 செப்டம்பரில் மாசா அமினி என்னும் இளம்பெண் காவலில் இறந்ததையொட்டி ஈரானில் கிளர்ச்சி மூண்டது; வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அங்கே முடக்கப்பட்டன. அதற்கு முன்பே தடை செய்யப்பட்டிருந்த சிக்னல், தன்னார்வலர்கள் பதிலிகளை நடத்துமாறு அப்போது வேண்டிக்கொண்டது.

இத்தகைய பணியில் ஈடுபட விரும்பிய என் பழைய மாணவர் ஒருவர், இன்று கணினிப் பொறியாளர், "எந்த மென்பொருளை நம்புவது, ஐயா?" என்று கேட்டு வந்தார். நிரல் எழுத அறியாதவன் நான். எனினும் ஒன்று எனக்குத் தெளிவாக விளங்கிற்று: மென்பொருளில் பழுது இருப்பின் துன்புறுபவர் அதனை இங்கே நடத்துபவர் அல்லர்; அங்கே அதனைப் பயன்படுத்துபவரே.

"மூலநிரல் வெளிப்படையாக இருந்தால் போதும் என்கிறார்களே?" என்றார் அவர். அது வேண்டுவதுதான். 2009ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் ஈரானியருக்கென அமெரிக்காவில் உருவான 'ஹேஸ்டாக்' என்னும் மென்பொருளைச் செய்தித்தாள்கள் புகழ்ந்தன. அதன் நிரலோ மூடியே வைக்கப்பட்டிருந்தது. 2010 செப்டம்பரில் வல்லுநர் சிலர் ஆராய்ந்து பார்த்தபோது, பயன்படுத்துவோரையே அது காட்டிக்கொடுக்கக்கூடும் என்பது புலப்பட, அது நிறுத்தப்பட்டது. முறையானது பகைவன் கையில் சிக்கினாலும் கேடு விளையாததாக இருத்தல் வேண்டும் என்று 1883இலேயே எழுதியவர் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ். அவர் ஒரு மொழியாசிரியர் என்பதை நம் ஆசிரியர்கள் அறிந்தால் மகிழ்வர்.

ஆயினும், திறந்திருக்கும் நூலை எல்லாரும் படித்துவிடுவதில்லை. எத்தனையோ கணினிகளில் அமைந்துள்ள 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்குநிரலைப் பல்லாண்டுகளாகக் காத்துவந்தவர் ஏறத்தாழ ஒருவரே. களைத்திருந்த அவருக்கு உதவுபவர்போல் வந்து, இரண்டாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைப் பெற்ற புனைபெயரர் ஒருவர், அதனுள் கள்ளவழி ஒன்றை அமைத்தார். கணினிக்குள் நுழைய அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவரால் 2024 மார்ச் 29 அன்று அது வெளிப்பட்டது. அரை நொடி! தாம் ஊதியம் பெறாமல் உழைக்கும் வேலைக்கு ஒரு துணை கிடைத்தது என்று மகிழ்ந்த அம்மனிதரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மற்றொன்று சீனத்தில் நிகழ்ந்தது. 2012இல் ஒருவர் படைத்த 'ஷேடோசாக்ஸ்' என்னும் பதிலி நிரல் அங்குப் பெரிதும் பரவியது. 2015 ஆகஸ்டில் காவல்துறையினர் தம்மை நிறுத்தச் சொன்னதாக அறிவித்து, அவர் நிரலை அகற்றிவிட்டார். ஆனால் அது அழியவில்லை. உரிமம் இடந்தந்தமையாலும் படிகள் பலரிடம் இருந்தமையாலும் பிறர் அதனைத் தொடர்ந்தனர். தலைமையாசிரியர் ஒருவர் திடீரென மாற்றலாகிச் சென்றால் மறுநாள் பள்ளி நடக்குமா என்பதை அங்குள்ள குறிப்பேடுகளே காட்டிவிடும். நிரலுக்கும் அத்தகைய குறிப்பேடு உண்டு. யார் யார் திருத்தினர், கடைசியாக எப்போது திருத்தினர், பழுதைத் தெரிவித்தவருக்கு எத்தனை நாளில் விடை வந்தது, புறத்தார் எவரேனும் தணிக்கை செய்தனரா, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பனவெல்லாம் எவரும் படிக்கக்கூடியவை. அவற்றைப் படிக்க நிரலறிவு தேவையில்லை.

நாங்கள் இருவரும் இரண்டு மாலைகள் அமர்ந்து அவற்றையே படித்தோம். விரைவிலும் எளிமையிலும் அவர் உள்ளம் கவர்ந்திருந்த ஒரு மென்பொருளை ஒருவரே ஆக்கி வந்தார். ஓராண்டாக அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனை விலக்கினோம். டோர் அமைப்பின் 'ஸ்னோஃப்ளேக்' நிரலில் பலர் கைபட்டிருந்தது. அவ்வமைப்பு அமெரிக்க அரசின் பணத்தைப் பெற்றுவந்தது எனக்கு உறுத்தாமல் இல்லை. எனினும் அதனை மறைக்காமல் கணக்கில் வெளியிட்டிருந்தது. அன்றியும், ஸ்னோஃப்ளேக்கை நடத்துபவர் தம் வழியே செல்பவர் எதைப் படிக்கிறார் என்பதைக் காண இயலாது. மாணவர் அதனையே நிறுவினார். தாம் நோயுற்றாலும் திருத்தங்கள் தவறாதிருக்க, நண்பர் ஒருவருக்கும் நுழைவுரிமை அளித்து, செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.