பழைய வீட்டிற்குப் புதுக் கம்பி

பழைய வீடொன்றைப் புகழ்வோர் அதன் தேக்குக் கதவையும், தூண்களின் வழுவழுப்பையும், கோடையிலும் குளிர்ந்திருக்கும் சுண்ணாம்புச் சுவரையும் புகழ்வர். அச்சுவரின்மீது ஊர்ந்து செல்லும் மின்கம்பியை எவரும் நோக்குவதில்லை. வீட்டின் பிற உறுப்புக்கள் முதுமை எய்தும்போது நமக்கு அறிவித்துவிடுகின்றன. உத்திரம் உளுத்தால் பொடி கொட்டும். ஓடு உடைந்தால் மழை ஒழுகும். கம்பியோ பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆகவே யாவும் நலமே என்று இருந்துவிடுகிறோம். பாளையங்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இவ்வாறே இருந்தோம்.

அவ்வீட்டைக் கட்டியவர் ஆசிரியராயிருந்த எம் பூட்டனார். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 இல் இயங்கத் தொடங்கிற்று. அதன்பின் பத்தாண்டு கழியுமுன் அவர் தம் வீட்டிற்கு மின்னிணைப்புப் பெற்றார். அக்கால முறைப்படி, தேக்குப் பட்டிகளில் பள்ளம் இழைத்து, இரப்பர் உறையிட்ட செப்புக் கம்பிகளை அவற்றுள் கிடத்தி, மேலே மெல்லிய மரமூடி அறைந்தனர். 'மூன்று இருபத்திரண்டு' என்பது அக்கம்பிக்குத் தொழிலாளர் வழங்கும் பெயர். இருபத்திரண்டாம் எண் பருமனுள்ள மூன்று இழைகள் என்பது பொருள். சிறுவனாயிருந்தபோது உடைந்த துண்டொன்றை எடுத்து, உள்ளே வெண்மை கண்டு, வெள்ளி என்றே எண்ணினேன். அது வெள்ளீயப் பூச்சு. இரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்குமாதலின், அதனைத் தடுக்கவே அப்பூச்சு இட்டனர். முன்னோர் இவ்வளவு கருத்தாகச் செய்த வேலையைக் குறைகூற யான் துணியேன்.

ஆயினும் இரப்பருக்கு ஆயுள் உண்டு. வெப்பத்தாலும் காற்றாலும் அது நாளடைவில் உலர்ந்து, இறுகி, வெடிப்புறும். அசைக்காதவரை இருந்த இடத்திலேயே கம்பியைப் போர்த்தி நிற்கும். பழுதுபார்க்க ஒரு சுவிட்சைக் கழற்றினாலோ பொரியைப்போல் உதிர்ந்து செம்பை வெளிக்காட்டிவிடும்.

பூட்டனார் காலத்தில் அவ்வீட்டில் எரிந்தவை அறுபது வாட் விளக்குகள் ஆறு; சுழன்றது ஒரு விசிறி. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் இவையனைத்தும் இழுப்பது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. பின்னர்க் குளிர்ப்பெட்டி வந்தது. மிக்சி, கிரைண்டர், நீரேற்றும் மோட்டார் வந்தன. 2000 வாட் வெந்நீர்க் கருவியும் வந்தது. அது ஒன்றே ஒன்பது ஆம்பியரை நெருங்கும். கம்பியிற் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப மிகுவது. ஓட்டம் ஐந்து மடங்கானால் வெப்பம் இருபத்தைந்து மடங்காம். இதனைத் தடுக்கவே பியூஸ் என்னும் மெல்லிழை இருக்கிறது. 'உருகி' என்று நம் கலைச்சொல்லாளர் அதற்கு இட்ட பெயர் மிக நன்று. உருகுவதே அதன் கடமையன்றோ! எங்கள் வீட்டிலோ, அடிக்கடி உருகுகிறதே என்று எவரோ பருத்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பழைய வீட்டிலும் இத்தகைய அறிஞர் ஒருவர் இருந்திருப்பார் போலும்.

இன்னொரு வழக்கமும் எங்கள் சமையற்கட்டில் இருந்தது. கிரைண்டரை ஓட்டுபவர் மணைப்பலகையின்மேல் ஏறி நிற்கவேண்டும். "இலேசாகத்தான் அடிக்கும், பலகைமேல் நின்றுகொள்" என்று அம்மா கூறுவார். சுவரிலுள்ள பொருத்தியில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றாவதற்குப் பின்னே நிலக்கம்பியே இல்லை. அத்துளை வெறும் அணிகலன்.

நிற்க. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெய்த பெருமழையை அன்பர்கள் மறந்திரார். தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் தெருவில் வெள்ளம் ஏறவில்லை. ஆனால் மச்சு ஊறி, சுவர்கள் ஊறின. மின்சாரம் மீண்டும் வந்த அன்று, கூடத்துச் சுவரில் கைவைத்த ஆச்சி "சுருக்கென்கிறதே" என்று கையை இழுத்துக்கொண்டார். அப்பா ஓடிச்சென்று மெயின் சுவிட்சை நிறுத்தினார். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாயிலில் நட்சத்திர விளக்கு தொங்கவில்லை.

வயர்மேன் அண்ணாச்சி வந்து, மெக்கர் என்னும் கருவியால் 500 வோல்ட் செலுத்திக் கம்பிகளின் காப்புத்தடையை அளந்தார். குறைந்தது ஒரு மெகோம், அதாவது பத்து இலட்சம் ஓம் வேண்டும். முள் அரைக்கும் எழவில்லை. "ஒட்டுப்போட இதில் இடமில்லை ஆச்சி, முழுவதும் மாற்றவேண்டும்" என்றார்.

வெளியூரிலுள்ள சிற்றப்பா தொலைபேசியில், "என்றாவது விற்கப்போகும் வீட்டிற்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்று வினவினார். அவர் கணக்குத் தவறென்று சொல்லமுடியாது. "அதுவரை அம்மா இதில்தானே இருக்கிறார்கள்" என்று அப்பா கூறியதும் அவர் தம் பங்கை அனுப்ப இசைந்தார். ஆச்சியின் தடையோ வேறு. "தம்பி, இந்தப் பட்டிகளெல்லாம் என் மாமனார் நின்று இழைப்பித்தவை. சுவரையும் உளியால் கொத்தப்போகிறாயா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டார். பழஞ்சுண்ணாம்புக் காரையை ஓரிடத்தில் கொத்தினால் பக்கத்திலும் பெயர்ந்து விழும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆகவே சுவரைக் கொத்தாமல், பட்டிகள் இருந்த தடத்திலேயே பிளாஸ்டிக் பட்டிகளை அறைந்து அவற்றுள் கம்பியை விடுவதென முடிவாயிற்று. எனக்கு இது சரியாகவே பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முந்திய முறையே பொருள் மாறி வந்ததுபோல் இருந்தது.

கோடை விடுமுறையில் வேலை நடந்தது. விளக்குகளுக்கு ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்ச் செப்புக் கம்பி, பொருத்திகளுக்கு இரண்டரை, வெந்நீர்க் கருவிக்கு நான்கு. ஒவ்வொன்றோடும் பச்சை நிற நிலக்கம்பி சென்றது; அதனை ஏற்கத் தோட்டத்தில் குழிதோண்டி மின்முனை புதைத்தனர். பழைய பலகையைக் கழற்றியபோது இரு கம்பிகளிலும் பியூஸ் இருக்கக் கண்டோம். மின்னைக் கொண்டுவரும் கம்பியில் மட்டும் அது இருத்தல் வேண்டும். திரும்பிச் செல்லும் கம்பியில் உருகினால் விளக்கு அணையும், ஆனால் உயிர்க்கம்பியில் மின்சாரம் நிற்கும். அணைந்ததென்று நம்பித் தொடுபவன் கதி என்னாம்?

புதுப் பலகையில் தானியங்கிச் சுவிட்சுகளோடு, கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி ஒன்றையும் பொருத்தினர். முன்னவை மட்டும் இருந்தால் ஆளைக் காக்கும் என்று பலர் நம்புகின்றனர். அவை மிகையான ஓட்டத்திலிருந்து கம்பியைக் காப்பவை. போகும் மின்னோட்டத்திற்கும் திரும்புவதற்கும் முப்பது மில்லி ஆம்பியர் வேறுபாடு நேர்ந்தால், நொடியில் மூன்றிலொரு பங்கு கழியுமுன் துண்டிப்பதே ஆளைக் காப்பது.

முதல் வாரத்திலேயே அக்கருவி மும்முறை துண்டித்தது. மூன்றும் மாவரைக்கும் வேளை. "புதிதாகப் போட்டும் இப்படியா?" என்று அம்மா சலித்துக்கொண்டார். அண்ணாச்சி கிரைண்டரைத் திறந்து, மோட்டாரின் சுற்றுக்கம்பி உடலிரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் காட்டினார். எத்தனை ஆண்டுகளாகத் தொட்டதோ! பலகைமேல் நின்ற கால்களை எண்ணி அன்றிரவுக் குடும்ப ஜெபத்தில் அப்பா சற்று நீளமாகவே ஜெபித்தார்.

மாடியறை ஒன்று எஞ்சியுள்ளது. 1970 களில் கட்டிய அதற்கு அலுமினியக் கம்பி. திருகுகளின் அடியில் அது நாளடைவில் நெகிழ்ந்து, இணைப்புத் தளர்ந்து சூடேறும். பணம் சேரும்வரை அவ்வறைக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து வைத்திருக்கிறோம். என் நூல்கள் அங்கிருப்பதால், மாலை ஆறு மணிக்குள் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறேன்.