உப்பில் வள்ளல் இல்லை

கொடையைப் பாடிப் பாடிப் பழகிய நாடு நம் நாடு. முல்லைக்குத் தேர் தந்தவனைப் புகழ்ந்தோம். மயிலுக்குப் போர்வை ஈந்தவனைப் போற்றினோம். நன்று! ஆனால், அந்த வள்ளல்களின் வரிசையிலே சோடியத்தையும் கொண்டுபோய் அமர்த்துகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வரலாறு பயின்று பட்டம் பெற்றவன். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்ததால், வேதியியல் நடத்தும் பொறுப்பு சில திங்கள் என்மேல் விழுந்தது. கையிலிருந்த வழிகாட்டி நூலோ, சோடியம் தன் எலக்ட்ரானை மகிழ்ந்து அளிப்பதாகவும், குளோரின் அதை விரும்பி ஏற்பதாகவும் கதை சொல்லிற்று. மாணவி ஒருத்தி எழுந்தாள். "கொடுப்பதில் அதற்கு என்ன மகிழ்ச்சி, ஐயா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கதைதான் புரியும் என்றார் உடன் பணியாற்றும் நண்பர். இருக்கலாம். ஆனால், அணுவுக்கு ஆசை உண்டென்று இன்று கற்கும் பிள்ளையிடம், சனிக்கோளுக்குச் சினம் உண்டென்று நாளை ஒருவர் கூறினால், அது எதைக் கொண்டு மறுக்கும்? நூல்களைப் புரட்டினேன்.

சோடியம் அணுவிலே 11 எலக்ட்ரான்கள். உட்கூட்டில் 2, அடுத்ததில் 8, வெளியே தனித்து 1. குளோரினுக்கு 17, அதன் வெளிக்கூட்டில் 7. சோடியம் ஒன்றை இழந்தால் நேர்மின் அயனி. குளோரின் ஒன்றைப் பெற்றால் எதிர்மின் அயனி. இதுவரை வழிகாட்டி நூலும் சரிதான்.

ஆனால், அந்த ஒன்றைச் சோடியம் சும்மா விட்டுவிடுகிறதா? இல்லை! அணுக்கருவின் ஈர்ப்பு அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. 23 கிராம் சோடியத்தை ஆவியாக்கிய பின், அணுவுக்கு ஒன்றாக எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 496 கிலோ ஜூல் ஆற்றல் செலவாகும். அத்தனை எலக்ட்ரான்களையும் குளோரின் அணுக்கள் பெறும்போது வெளிவருவதோ 349தான். செலவு மிகுதி, வரவு குறைவு! ஆவியாக்கும் செலவையும், இரட்டையாய் இணைந்திருக்கும் குளோரினைப் பிரிக்கும் செலவையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கடனை அடைப்பது யார்? அயனிகளின் அடுக்கு. உப்புப் படிகத்திலே ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்கின்றன. தனித்திருந்த அயனிகள் இப்படி நெருங்கி 58.5 கிராம் உப்பாகும்போது 787 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. கடன் தீர்ந்து மிச்சமும் வெப்பமாய்ப் பாய்கிறது.

வள்ளலென்றால் இரண்டாவது எலக்ட்ரானையும் தரட்டுமே! அது கருவுக்கு நெருங்கிய உட்கூட்டில் இருப்பது. அதைப் பறிக்க 4,562 கிலோ ஜூல் வேண்டும். எந்த அடுக்கும் ஈடுகட்ட முடியாத தொகை அது. ஆகவே சோடியம் ஒன்றோடு நிற்கிறது. ஈகையுமில்லை, கருமித்தனமுமில்லை, எல்லாம் கணக்கு.

போன எலக்ட்ரானைத் திரும்பப் பெறுவதும் எளிதன்று. 1807இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி, உருகிய எரிசோடாவில் மின்சாரம் பாய்ச்சி, சோடியம் அயனிக்கு எலக்ட்ரானை வலிந்து ஊட்டினார். வெள்ளி போல் மின்னும் உலோகம் பிறந்தது. நீரில் விழுந்தால் சீறும் உலோகம்! ஓர் எலக்ட்ரான் குறைந்த அதே பொருள்தான் நம் குருதியிலே அமைதியாக ஓடுகிறது.

அப்படியானால் உப்பு நீரில் கரைகிறதே, 787 கிலோ ஜூலால் கட்டிய அடுக்கைப் பிரிப்பது யார்? வகுப்பில் அடுத்து எழுந்த வினா இது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் அயனியையும் சூழ்ந்துகொள்ளும்போது வெளிப்படும் ஆற்றலே அந்தச் செலவை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்கிறது. எஞ்சுவது 4 கிலோ ஜூல் அளவே. அதை நீர் தன் வெப்பத்திலிருந்து இழந்து, சற்றே குளிர்ந்துபோகிறது. மறுநாள் வெப்பமானியும் ஒரு கிண்ணம் உப்பும் கொண்டு சென்றேன்.