யோவானின் வார்க்கச்சை

எட்டாம் வகுப்பு படிக்கும்போது சபை கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு யோவான்ஸ்நானன் வேஷம் கிடைத்தது. பஞ்சில் தாடி தயாரானது. ஒட்டக மயிர் உடைக்குப் பதிலாகக் கோணிப்பை. பாக்கி இருந்தது இடுப்பில் கட்ட ஒரு தோல் வார்க்கச்சை மட்டும்தான். "ஆம்பூர்ல இருந்துகினு பெல்ட்டுக்கு அலையணுமா? உங்கப்பாவ கேளுடா" என்றார் நாடகம் சொல்லிக்கொடுத்த அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு, மயிரையும் சதையையும் நீக்குகிற பிரிவு. அந்த வேலையின் வாடை சட்டையோடு போய்விடாது. நகக்கண்ணில், முடியில், மூச்சில்கூட இருப்பதுபோல எனக்குத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை லைஃப்பாய் போட்டு இரண்டு தடவை குளிப்பார். பிறகும் கோயிலில் கடைசி பெஞ்சில், கதவோரமாகத்தான் உட்காருவார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொன்னதில்லை. நான் கொயர் பையன்களோடு முன்னால் உட்காருவேன். பாட்டுக்காரன் முன்னால்தானே இருக்கணும் என்று ஒரு காரணமும் வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து நியூஸ்பேப்பரில் சுற்றி ஒரு வார் கொண்டுவந்தார். இரண்டு விரல் அகலம், பழுப்பு நிறம், பக்கிள் கிடையாது, முடிச்சுப் போட்டுக் கட்டுவதுபோல இரண்டு நுனி. நாடகத்தன்று அதைப் பையிலேயே வைத்துவிட்டு, மாமா பையனின் ரெக்ஸின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேடையேறினேன். எனக்குப் பின்னால் வருகிறவருடைய செருப்பு வாரை அவிழ்க்கக்கூட நான் தகுதியில்லாதவன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தாலும் கறுப்பு ரெக்ஸினுக்கும் பழுப்புத் தோலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. அதுவும் முப்பது வருஷம் தோலைத் தொட்ட கண்ணுக்கு.

வீட்டுக்கு வந்து அப்பா எதுவும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தான் அட்வென்ட். வருகைக்காலம். வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டே போவார்கள். பண்டிகை இன்னும் வரவில்லை, ஆனால் வரும் என்று காத்திருக்கிற காலம். அதில் யோவானுக்கென்று ஒரு ஞாயிறு உண்டு, பெரும்பாலும் இரண்டாவது. மத்தேயுவும் மாற்குவும் அவன் என்ன உடுத்தினான், என்ன சாப்பிட்டான் என்று நின்று சொல்கிறார்கள். ஒட்டக மயிர், வார்க்கச்சை, வெட்டுக்கிளி, காட்டுத்தேன். அந்த வாரைப் பதனிட்டவன் யாரென்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு மிருகம் செத்து, யாரோ ஒருவன் தோலை உரித்து, ஊறவைத்து, சுரண்டி, முகம் சுளிக்கிற ஊருக்கு வெளியே நின்று அதைப் பதப்படுத்தியிருக்கிறான். யோவான் பேசிய செருப்பு வாருக்கும் இதே கதைதான்.

பெயரோடு வருகிற ஒரு தோல்காரரும் பைபிளில் இருக்கிறார். கல்லூரி முடித்து பெங்களூரில் வேலைக்குப் போன பிறகுதான் அவரைக் கவனித்தேன். அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டணத்தில் கடலோரம் வீடு வைத்திருந்த சீமோன். பேதுரு அவர் வீட்டில் பல நாள் தங்குகிறார். சீமோன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆனால் தோல் பதனிடுகிறவர் என்ற அவருடைய தொழிலை லூக்கா மூன்று இடத்தில் சொல்கிறார்.

அன்றைய யூத சமூகத்தில் அது சாதாரண அடையாளம் கிடையாது. செத்த மிருகத்தைத் தொடுகிறவன் தீட்டுப்பட்டவன். பின்னாளில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, டேனரி ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கம்தான் இருக்கவேண்டும் என்கிறது. வாடை தாங்கவில்லை என்று தோல்காரனின் மனைவி விவாகரத்துக் கேட்கவும் அதில் இடமுண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு முன்னாடியே தெரியாம போச்சே" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வீட்டு மாடியில்தான் பேதுருவுக்குத் தரிசனம் வருகிறது. தீட்டென்று ஒதுக்கிய மிருகங்களெல்லாம் ஒரு விரிப்பில் இறங்கி வருகின்றன. கடவுள் சுத்தமாக்கியதை நீ தீட்டென்று சொல்லாதே என்று ஒரு குரல். அதற்குப் பிறகுதான் அவர் ரோம அதிகாரி கொர்நேலியுவின் வீட்டுப்படி ஏறுகிறார். யூதரல்லாத உலகத்துக்குச் செய்தி போகிற கதவு அங்கே திறக்கிறது. பிரசங்கங்களில் மாடியும் விரிப்பும்தான் வரும். எனக்கோ கீழ்த்தளத்து நாட்கள்தான் கண்ணில் நின்றன. தரிசனம் வருவதற்கு முன்பே பேதுரு அந்த வாடையில் தூங்கி எழுந்திருக்கிறார், அந்தக் கைகளிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். வானம் திறந்து சொன்னதில் பாதியைச் சீமோன் வீட்டுச் சாப்பாடு முன்கூட்டியே சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மீட்பின் திட்டத்தில் அவருடைய பங்கு, வந்தவருக்குப் பாய் விரித்துக் கொடுத்தது.

இப்படிச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 'எல்லாம் தேவ திட்டம், பொறுத்திரு' என்ற வாக்கியம் எங்கள் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும். அப்பாவின் டேனரி மூடப்பட்டு இரண்டு வருஷமாகிறது. கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. கேட்டால் பொறுத்திருங்க என்பார்கள். பாலாறு பொறுத்திருந்தது. தோல் கழிவு அதைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிக்காத ஆலைகள் இயங்கக்கூடாது, கெடுத்தவர்களே ஈடுகட்டவேண்டும் என்றது. பாலாற்றங்கரைக் கிணறுகள் இன்னும் காத்திருக்கின்றன. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அதைத் தேவ திட்டம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது மனிதர்கள் போட்ட திட்டம், மனிதர்கள் கட்டிய சுவர்.

அட்வென்டில் வாசிக்கப்படுகிற மரியாளின் பாட்டும் பொறுத்திரு என்று சொல்வதில்லை. பலவான்கள் ஆசனத்திலிருந்து இறக்கப்படுவதையும் பசித்தவர்கள் நிரப்பப்படுவதையும் பற்றி ஒரு கர்ப்பிணிப் பெண் பாடுகிறாள். அப்படியென்றால் காத்திருப்பது என்பது என்ன? இதற்குப் பதில் எனக்குப் பிரசங்கத்தில் கிடைக்கவில்லை.

போன டிசம்பர் இரண்டாம் ஞாயிறு ஊரில் இருந்தேன். அப்பாவுக்கு இப்போது நடந்தால் மூச்சு வாங்குகிறது. கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யோவான் பகுதியை வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த வார் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். நாடகத்துக்கு மறுநாள் என் பையிலிருந்து எடுத்து அம்மாதான் வைத்தாள்.

எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தேன். "அன்னிக்கு இத நான் கட்டிக்கலப்பா" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"தெரியும்டா" என்றார். வாரை வாங்கி நுனியை மடக்கிப் பார்த்தார். வெடிக்கவில்லை. "இது நம்ம டேனரி தோல் இல்ல, தெரியுமா? நம்மளுது க்ரோம். யோவான் காலத்துல க்ரோம் ஏது? அதான் பேரணாம்பட்டு பக்கம் ஒரு பெரியவர்கிட்ட போய் பட்டைத் தோல் வாங்கிட்டு வந்தேன். ஆவாரம்பட்டை, கடுக்காய்ல ஊறினது."

அந்த மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், யோவானுக்குச் சரியான தோல் தேடியிருக்கிறார். நாடகத்தில் வேதத்தை அவ்வளவு கவனமாக வாசித்தவர் வேறு யாருமில்லை. அந்த வாரை மூக்கருகில் கொண்டுபோனேன். டேனரி வாடையே இல்லை. காய்ந்த பட்டையின் துவர்ப்பு வாசனைதான். அன்றைக்கு நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"க்ரோம்னா ஒரு நாள்ல ட்ரம்முல சுத்தி எடுத்துடலாம்" என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "பட்டைன்னா வாரக்கணக்குல குழியில கெடக்கும். சும்மா கெடக்கும்னு நெனச்சுக்காத. தெனம் எறங்கிப் பொரட்டணும். பொரட்டலன்னா ஒரு பக்கம் ஊறும், ஒரு பக்கம் அழுகிடும்."

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கவரில் அப்பாவின் பி.எஃப். சீட்டு, வேலை அட்டை, மனுவின் நகல் எல்லாவற்றையும் அடுக்கினாள். மாதம் ஒருமுறை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நிற்கிறாள். போன மாதம் சொன்ன அதே பதிலைச் சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "போய் நின்னாத்தான் ஃபைல் மேல வரும்" என்றாள்.

நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள்கூடப் போனேன்.