இயற்கையானதுதானே, பேத்திக்கும் குடுக்கலாமா?

ஸ்பைருலினா மாத்திரை இப்ப மெல்பர்ன்ல எந்த பார்மசியிலயும் கிடைக்கும். ஊர்லயிருந்து வர்ற தாத்தா பாட்டி பெட்டியிலயும் இருக்கும். ஃபேட்டி லிவர் இருக்கிற எங்க அப்பா தினமும் சாப்பிடுறார். "இயற்கையானதுதானே, பேத்திக்கும் ஒண்ணு குடுக்கலாமா?"ன்னு கேட்டப்பதான் நான் இதைப் பற்றிப் படிச்சேன்.

ஸ்பைருலினா ஒரு நீலப்பச்சைப்பாசி, அதாவது சயனோபாக்டீரியா. நம்ம புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இதைப் பண்ணையாகவே வளர்க்கிறார்கள். இதிலுள்ள ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமி நல்ல ஆன்டிஆக்சிடன்ட். 1998-ல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில், நச்சு கொடுத்த எலிகளின் கல்லீரல் பாதிப்பை அது குறைத்தது. நல்ல செய்திதான். ஆனா அது எலி.

இதே வகையைச் சேர்ந்த வேறு பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும். 1979-ல் குவீன்ஸ்லாந்தின் பாம் தீவில் சுமார் 150 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரல் வீங்கி நோயுற்றார்கள். குடிநீர் அணையில் பெருகிய நீலப்பச்சைப்பாசியின் நச்சே காரணம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஸ்பைருலினா அந்தப் பாசி இல்லை. ஆனால் சரியாகப் பராமரிக்காத தொட்டியில் நச்சுப்பாசி கலந்துவிடலாம். சின்ன உடம்புக்குக் கொஞ்ச நச்சே அதிகம்.

டப்பாவில் 'ஆஸ்ட் எல்' எண் இருக்கான்னு பாருங்க. இருந்தாலும், அது பலன் தரும்னு அரசு சோதிச்சுச் சொன்னதா அர்த்தமில்லை. அப்பாவின் மாத்திரையை ஜிபியிடம் காட்டினோம். நடைப்பயிற்சியும் அளவான சோறும் தொடருது. பேத்திக்கு மாத்திரை கிடையாது. கீரைக்கூட்டு உண்டு.