பனங்காய் தோய்த்த உடுப்பு

கரும்பு வெட்டுகிற மாதங்களில் பெயின்ட் வேலைக்கு இங்கே நாமக்கல்லில் பிலிக்கல்பாளையம் பக்கம் போனால், ஆலைக்கொட்டகைப் புகை எதிரே வரும். பாகு முறுகுகிற மணம். கொட்டகை ஆட்கள் கொப்பரையைக் கிண்டியபடி, "வாங்க, ஒரு வாய் பாகு குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அந்த மணத்துக்கு அடியில் எனக்கு இன்னொரு மணம் கிடக்கிறது. உங்களுக்கும் தெரியும்தானே, பனங்காய் பிசைந்த கையை மணந்து வளர்ந்தவர் நீங்கள்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு கொழும்பு அரசு யாழ்ப்பாணத்துக்கு வருகிற சாமானையெல்லாம் மறித்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, யூரியா இல்லை. மின்சாரமும் நின்றது. சவர்க்காரம் கிடைத்தாலும் வாங்குகிற விலையில்லை. இணுவிலில் எங்கள் கிணற்றடியில் ஆச்சி பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்ப்பார். வெள்ளைச் சட்டை மெல்லிய மஞ்சளாகும். கொடியில் காயப்போட்டால் ஒருவர் காவல் நிற்கவேணும். பனங்காய் மணத்துக்கு மாடு வந்து சட்டையைச் சப்பிவிடும். அந்தக் காவல் என்னுடையது. பூவரசந் தடியோடு வேலிக்கரையில் நின்றபடி வாய்ப்பாடு பாடமாக்குகிறேன். வகுப்பில் எல்லாரிடமும் ஒரே மணம். அதனால் யாருக்கும் வெட்கமில்லை.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க ஒழுங்கை முழுக்க எங்கள் முற்றத்துக்கு வரும். சுற்றுகிற பொடியன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்து இழுபடும். "டேய், விடாமச் சுத்தடா!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். எங்களைப் பற்றிய செய்தி லண்டனுக்குப் போய்த்தான் எங்களுக்குத் திரும்பி வந்தது. உதயன் பேப்பர் கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம் அது. கோடு போட்ட தாளில் செத்தவர்களின் பெயர்கள்.

விமானச் சத்தத்துக்குக் காது எங்களுக்கு நல்லாய்ப் பழகிவிட்டது. புக்காரா ஒரு சத்தம், சகடை ஒரு சத்தம், ஹெலி இன்னொன்று. சகடை ஆறுதலாக உருட்டிக்கொண்டு வரும். அதுதான் கூடப் பயம். பள்ளிக்கூட வளவில் 'ட' வடிவத்தில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தது. உள்ளே ஈரமண் மணம், வேர் மணம், பக்கத்துப் பொடியனின் தலையில் தேங்காயெண்ணெய் மணம். மழைக்குப் பிறகு தவளைகளும் எங்களோடு குந்தியிருக்கும். ஓட்டத்தில் மாங்காயும் உப்புத்தூளும் கொண்டுபோக மறக்காதவர்கள் இருந்தார்கள். குண்டு விழுந்த திசை பார்த்து, யார் வீட்டுப் பக்கம் என்று சொல்லாமல் ஒருவரையொருவர் பார்ப்போம்.

சின்னப் பிள்ளைக்கு ஆட்சி என்பது ஒரு பட்டியலாகத்தான் தெரிந்தது. இது வராது, அது வராது. தாண்டிக்குளத்தில் இராணுவத்தார் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், பென்ரோர்ச் பற்றரிக்கும் அடி விழும். இந்தப் பக்கமும் நினைத்தபடி போகமுடியாது, புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேணும். இதையும் சொல்லாவிட்டால் அந்தக் காலத்தை முழுதாய்ச் சொன்னதாகாது.

வோட்டர் பம்முக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் போனதும் புகையிலைத் தோட்டத்துக்குத் துலா திரும்பி வந்தது. அப்பு துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்கிறார். அம்மா பட்டையைப் பிடித்து ஊற்றுகிறார். வாய்க்காலில் தண்ணீர் மாறிக் கட்டுவது நான். செம்மண் தண்ணியைக் குடிக்கிற சத்தம் கேட்கும். இங்கே ராஜவாய்க்கால் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வீடு ஒன்றில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனபோது அந்த வீட்டம்மா கேட்டார்: "ஏனுங்க தம்பி, உங்க ஊர்லயும் ஆறு இருக்குங்களா?" இல்லையம்மா, கிணறுதான் என்றேன். "ஆறே இல்லாம எப்படிங்க வெள்ளாமை?" என்று நிசமாகவே கவலைப்பட்டார். அப்பு துலாவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன், வேலை நிற்கும் என்று பாதியில் விட்டேன்.

1995 யூலை 9. கோயில்களில் போய் இருங்கள் என்று அரசு சொன்னதை நம்பி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் சனம் ஒதுங்கியிருந்தது. அதன்மேல் விமானம் குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆச்சி கோயில் மணிச் சத்தம் கேட்டாலும் எங்களைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார். ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்க, வலிகாமமே எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் நின்றோமோ! மழை. குடையைத் தலைகீழாய்ப் பிடித்து அந்தத் தண்ணியைப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள். அந்தச் சனத்துக்குள்ளும் யாரோ ஒரு அம்மா முன்பின் தெரியாத என் கையில் ஒரு துண்டு பாண் வைத்தார்.

அடுத்த வருஷம் சித்திரையில் கன சனம் திரும்பிப் போனது. ஆச்சியும் அப்புவும் அவர்களோடு போனார்கள். "கிணத்தடியைப் பாத்துக்கொண்டு நிக்கிறம், நீங்கள் பிள்ளையளைக் கொண்டு போங்கோ." நாங்கள் கிளாலிக் கடல் தாண்டி வன்னி, பேசாலை, அரிச்சல்முனை மணல், மண்டபம், பிறகு இந்தப் பரமத்தி முகாம்.

மகள் நாமக்கல்லில் பிறந்தவள். "ஏனுங்கப்பா" என்றுதான் கூப்பிடுவாள். 2021இல் அகதி முகாமை மறுவாழ்வு முகாம் ஆக்கினார்கள், நல்லது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்கள் நாட்டின் பெயர் இல்லை. விண்ணப்பங்களில் நாடு என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனை நிற்கிறது. கரன்ட் போனால் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். நீங்கள் எதில் படிச்சீங்கள் என்று போன கிழமை கேட்டாள்.

நாங்கள் படித்த சிக்கன விளக்கைச் செய்து காட்டலாம் என்று ஜாம் போத்தல் ஒன்று எடுத்துக் கழுவினேன். சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரியை விட்டது நினைவிருக்கிறது. மண்ணெண்ணெய் ஒரு மூடிதான் விடுவது, அதுவும் நினைவிருக்கிறது. அடியில் பஞ்சு வைத்ததாக நான் சொல்கிறேன்; மன்னாரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சே இல்லை, அது எண்ணெயைக் குடித்துவிடும் என்கிறார். செய்தது ஆச்சி. இப்போது யாரிடம் கேட்பது? உங்கள் வீட்டில் எப்படிச் செய்தவை? ஒருக்கால் சொல்லுங்கோ, போத்தல் கழுவியபடியே இருக்கிறது.