பழைய மரத்தின் புதிய குரல்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்ல ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். கோடை விடுமுறையில் ஒருநாள், எமது பங்கின் பாடகர் குழு இளைஞர்களுடன் அவ்வழியே பயணமானோம். அவர்களுள் ஒருவன் தன் கிதாரைக் குழந்தையைப் போல் மடியில் வைத்திருந்தான்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் நரம்புக் கருவி ஏந்திய கின்னரர் உருவத்தை இளைஞர்களுக்குக் காட்டினோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அக்கருவி ஒலியின்றி நிற்கிறது. நரம்பின் அதிர்வைப் பெருக்கிக் குரலாக்குவதற்கு மெல்லிய மரம் வேண்டும்.

பின்னர்க் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பி, கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் சற்று நேரம் தங்கி, முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவை அடைந்தோம். 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்காட்சியகத்தில், இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணும் உத்திரமுமாகப் பிரித்துக் கொணர்ந்து, மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் இல்லமும், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் இல்லமும் அங்கே அருகருகே நிற்கின்றன. ஒரு தூணை விரலால் தட்டிய இளைஞன், "சாமி, இந்தப் பழைய மரத்திலே கிதார் செய்யலாமா?" என்று வினவினான்.

நல்ல வினா! பல்லாண்டு உலர்ந்த மரத்தில் பிசின் இறுகியிருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அது எளிதில் வளையாது. ஆகவே உலகெங்கும் கைவினைஞர் சிலர் பழைய கட்டடங்களின் மரத்தைத் தேடிக் கிதார் செய்கின்றனர். கிதாரின் மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் போன்ற இலேசான மரமும், முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஈட்டி போன்ற கெட்டி மரமும் பெரிதும் விரும்பப்படும். முதுகுப்பலகையின் கனம் இரண்டரை மில்லிமீட்டர் அளவே. ஆதலால் ஒரு பழைய பலகையை அறுத்தால், அதிலிருந்து பல கருவிகளுக்கு மரம் கிடைக்கும்.

அந்த ஈட்டி நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் செல்வம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறிற்று. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வாணிபம் 1992-இல் தடைப்பட்டது. ஈட்டியின் வாணிபமும் 2017 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்களித்தனர். வெட்டுவது ஒருநாள் வேலை. வளர்வதற்கோ தலைமுறைகள் வேண்டும்.

அரிய மரம் இல்லாவிடில் இசையே இல்லையோ? அப்படியும் அன்று. ஸ்பானிய நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து ஒரு கிதார் செய்தார். அமெரிக்கரான பாப் டெய்லர் 1995-இல், சரக்கு அடுக்கும் பழைய கட்டைச் சட்டத்தைக் கொண்டே கிதார் செய்து காட்டினார். மரத்தினும் கைத்திறனே பெரிது என்பதை இருவரும் மெய்ப்பித்தனர்.

இவற்றையெல்லாம் இளைஞர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த நம் நெஞ்சை ஒன்று உறுத்தியது. சில ஆண்டுகளுக்குமுன் எமது ஆலயத்தின் பழைய பாடகர் மேடையைப் பிரித்தபோது, அதன் ஈட்டிப் பலகைகளை விறகுக் கடைக்கு எடைபோட்டுக் கொடுத்தோம். முதிய தச்சர் ஒருவர், "சாமி, இது அடுப்புக்குப் போகிற மரமில்லை" என்றார். அவசரத்தில் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தோமில்லை. மூன்று தலைமுறை பாடக் கேட்ட மரம் அடுப்பிலே சாம்பலாயிற்று. அக்குற்றம் நம்முடையதே.

அதற்காக, பழைய மரம் வேண்டுமென்று நல்ல வீட்டை இடிப்பதும் முறையாகாது. தூணுக்குத் தூணாக நிற்பதே முதற்பெருமை. இடிந்தே தீரவேண்டிய கட்டடமாயின், கோடரி எடுக்குமுன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டுங்கள். எங்கிருந்து வந்த மரம் என்பதற்குச் சீட்டும் எழுதி வையுங்கள். திருட்டு மரம் பழைய மரம் என்ற பெயரில் நுழையாதிருக்க அதுவே காவல்.

இல்லம் திரும்பியதும் பண்டக அறையைத் துழாவினோம். அரிசி மூட்டைகளின் அடியில் அம்மேடையின் பலகைகள் இரண்டு எஞ்சியிருந்தன. தூசி துடைத்து, அம்முதிய தச்சரிடமே கொண்டு சென்றோம். அவர் பலகையைச் செவியருகே பிடித்து விரலால் தட்டினார், மணிபோல் ஒலித்தது. நம்மைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார்.