தேனியும் நீலகிரியும் மட்டும் பிழைத்தது ஏன்?

அக்கா மகள் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஒரு நாள் இரவு மடிக்கணினியும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். "மாமா, முப்பத்தெட்டு மாவட்டத்துல ரெண்டே ரெண்டுதான் முழுசா வந்திருக்கு. தேனி, நீலகிரி. மத்ததெல்லாம் பொத்தல்."

திரையில் ஆர் மென்பொருள் போட்டுத் தந்த அலைவெண் பட்டியல் விரிந்திருந்தது. மதுரை இருக்க வேண்டிய வரியில் 'மத'வுக்கும் 'ரை'க்கும் நடுவே ஒரு கேள்விக்குறி. கள்ளக்குறிச்சியில் அதே கேள்விக்குறி நான்கு இடத்தில். சென்னையும் தப்பவில்லை, சேலமும் தப்பவில்லை. தேனியும் நீலகிரியும் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றன.

ஆய்வுக்கான கணக்கெடுப்புக் கோப்பு அவளுடைய கைக்கு வந்தபோதே சிதைந்துதான் இருந்தது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகமுத்திரைக் குறி, அடுத்து ஏதோ ஒரு சின்னம். இந்த மூன்றும் மாறி மாறி வரி வரியாக ஓடின. தமிழ்த் தரவைக் கையாளும் எவருக்கும் பழகிய கோலம்தான் இது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிய கோப்பை, இடையில் யாரோ மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 குறியாக்கமாகத் திறந்து, அப்படியே சேமித்துவிட்டார்கள். அவள் அதைத் தலைகீழாக மாற்றும் கட்டளையை ஓட்டினாள். தமிழ் திரும்பி வந்தது. ஆனால் பொத்தல்களோடு.

பிழை எல்லா எழுத்துக்கும் பொதுவானது என்றால் எல்லாமே கெட்டிருக்க வேண்டும். ஏன் சில எழுத்து மட்டும்? அன்று இரவு இருவரும் தூங்கவில்லை.

கோப்பை எழுத்தாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, எண்களாகத் திறந்தோம். யூனிகோடில் 'த'வின் எண் 2980. யூடிஎஃப்-8 அதை மூன்று பைட்டாகப் பிரித்து எழுதும்: 224, 174, 164. எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. உயிரெழுத்துகளும் மெய்களும், ஆகாரம், இகரத்துக்கான குறிகளும் 174 வீட்டில் இருக்கின்றன. ஈகாரம் தொடங்கி மற்ற துணைக்குறிகளும் புள்ளியும் 175 வீட்டில். எழுத்துக்கு எழுத்து மாறுவது மூன்றாவது பைட். 1252 அட்டவணையில் 224 என்றால் கோடு போட்ட 'ஏ', 174 என்றால் வணிகமுத்திரைக் குறி. திரையில் ஓடிய கோலத்துக்கு இதுவே காரணம்.

தேனியின் மூன்றாம் பைட்டுகளை ஒரு தாளில் எழுதினோம்: 164, 135, 169, 191. பக்கத்திலேயே மதுரை: 174, 164, 129, 176, 136. அந்த 129தான் 'து'வில் உள்ள உகரக் குறி. சென்னையில் பொத்தல் விழுந்த இடத்தில் புள்ளி இருக்க வேண்டும், அதன் எண் 141. கள்ளக்குறிச்சியில் மூன்று புள்ளி, ஓர் உகரம். ஆக நான்கு பொத்தல். கணக்கு ஒத்துப்போனது.

1252 அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. 128 முதல் 159 வரை உள்ள 32 இருக்கைகளில் மைக்ரோசாஃப்ட் 27க்குத்தான் ஆள் அமர்த்தியிருக்கிறது. 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்தும் காலி. தமிழில் உகரக் குறி 129இல் முடிகிறது, புள்ளி 141இல், 'ஏ' 143இல், 'ஐ' 144இல். சில மென்பொருள்கள் காலி இருக்கையின் எண்ணை அப்படியே கடத்திவிடும். அப்போது திருப்பி மாற்றினால் எல்லாம் மீளும். வேறு சில, ஆளில்லாத இடம் என்று கேள்விக்குறி போட்டுவிடும். இந்தக் கோப்பு இரண்டாம் வகையிடம் மாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 38 மாவட்டப் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் பார்த்தோம். புள்ளியும் உகரக் குறியும் ஏ, ஐ எழுத்துகளும் இல்லாத பெயர் இரண்டே இரண்டுதான்.

நீலகிரி பிழைத்ததற்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. 'நீ'யில் உள்ள ஈகாரக் குறியின் மூன்றாம் பைட் 128. அந்த இருக்கையும் முன்பு காலியாகத்தான் கிடந்தது. விண்டோஸ் 98 காலத்தில் யூரோ நாணயத்தின் சின்னத்தை அங்கே வைத்தார்கள். ஐரோப்பாவில் ஒரு நாணயம் பிறந்திராவிட்டால் நீலகிரிக்கும் மதுரையின் கதிதான்.

புள்ளியை 141இல் கொண்டுபோய் வைத்தது யார்? 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய மொழிகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடியொற்றினார்கள். எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை என்பது இஸ்கியின் அடிப்படை. அதனால்தான் தமிழ்ப் புள்ளிக்கும் தேவநாகரியின் ஹலந்துக்கும் தெலுங்கு, மலையாளத்தின் அதே குறிக்கும் தத்தம் பகுதிக்குள் ஒரே இடம். எண்களை மூன்று பைட்டாக உடைக்கும் முறை அடுத்த ஆண்டு வந்தது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் ராப் பைக்குடன் அமர்ந்து, மேசை விரிப்புத்தாளில் கென் தாம்சன் வரைந்த திட்டம்தான் யூடிஎஃப்-8. அதன்படி உடைத்தால் அந்த நான்கு மொழிகளின் குறியும் 141இலேயே வந்து முடிகிறது. இஸ்கியை வகுத்தவர்களோ தாம்சனோ 1252இன் காலி இருக்கைகளை நினைத்திருக்க வழியே இல்லை. மூன்று வேலைகளும் தனித்தனியே ஒழுங்கானவை. அவை உரசிய இடத்தில் மெய்யெழுத்தின் தலை போயிற்று.

காரணம் தெரிந்ததும் மருத்துவமும் பாதி தெரிந்தது. கேள்விக்குறிக்கு முன்னால் 224, 174 இருந்தால் தொலைந்தது 'ஏ' அல்லது 'ஐ'. 224, 175 இருந்தால் புள்ளி அல்லது உகரம். ௐ என்ற ஓங்காரக் குறியும் அந்த வரிசையில்தான் வரும், ஊர்ப்பெயரில் அதற்கு வேலையில்லை. ஒவ்வொரு பொத்தலுக்கும் இரண்டே விடை என்பதால், முறையான பட்டியலோடு ஒப்பிட்டு மாவட்டப் பெயர்களை அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டாள்.

குடும்பத் தலைவர் பெயர் இருந்த பத்தியில்தான் கை நின்றது. 'ராஜ'வுக்குப் பின் ஒரு பொத்தல். அது 'ராஜு'வா, 'ராஜ்' என்பதா? 'பால'வுக்குப் பின் ஒன்று. பாலுவா, பாலா என்று முதலில் கேட்டாள். ஆகாரக் குறி 174 வீட்டில் இருப்பது, அது தொலைவதில்லை. அப்படியென்றால் அது பாலு, இல்லையேல் கிறிஸ்தவப் பெயரான பால். எந்த நிரலும் இதைத் தீர்மானிக்க முடியாது. ஊகித்து நிரப்பலாம் என்றாள். கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒருவர் கதவைத் தட்டி, கேட்டு எழுதிய பெயர் அது.

கணக்கெடுத்தவர்களிடம் கேட்டு மூலக்கோப்பை வாங்க நான்கு நாளாயிற்று. வந்ததும் அவள் அதை எக்செலில் திறக்கப் போனாள். தடுத்தேன். அங்கே சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் வெறும் கேள்விக்குறி வரிசையாகிவிடும், 224கூட மிஞ்சாது. நேராக ஆரில் வாசித்து, 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுக்கச் சொன்னேன். பழைய ஆர், ஆங்கில விண்டோஸில் 1252ஐயே தாய்மொழியாகக் கொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பிலிருந்து, புதிய விண்டோஸில் அது யூடிஎஃப்-8க்கு மாறிவிட்டது. அவளிடம் இருந்தது பழையது.

பட்டியல் சுத்தமாக வந்தது. ஈரோடு மட்டும் இரண்டு வரியில் நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களில் பார்த்தால் ஒன்றில் 'ரோ'வின் ஓகாரம் ஒரே குறியாக இருந்தது, மற்றதில் இரட்டைச்சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக. இரண்டையும் சமம் என்றுதான் யூனிகோட் சொல்கிறது, எண்ணிப் பார்க்கும் மென்பொருளுக்கு அது தெரியாது. என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தும் கட்டளையை ஒருமுறை ஓட்டியதும் இரண்டு ஈரோடும் ஒன்றாயின.

பிறகு பெயர்ப் பத்தியில் தேடினாள். ராஜுவும் இருந்தார், ராஜும் இருந்தார். அடுத்தடுத்த வீடுகள்.